நாலு ஊசியும் ஒரு வைரமும்: சிஸ்டமேடிக் ரிவியூ என்றால் என்ன?

போன வருடம் என் அக்கா மகளுக்கு 31ஆவது வாரத்திலேயே வலி வந்துவிட்டது. ராத்திரி பதினொரு மணிக்கு ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். பிரசவ வார்டில் இருந்த டாக்டரம்மா பரிசோதித்துப் பார்த்துவிட்டு முதலில் கேட்டது, "மூணாம் மாசம் எடுத்த ஸ்கேன் ரிப்போர்ட் இருக்கா?" அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "பிள்ளை வலியில துடிக்கிறா, இப்பப் போய்ப் பழைய ஸ்கேனைக் கேக்குறீங்களே டாக்டர்" என்றாள். "வாரக் கணக்கு சரியாத் தெரியணும்மா" என்று சொல்லிக்கொண்டே அவர் ஃபைலைப் புரட்டினார். அப்புறம் காய்ச்சல் இருந்ததா, பனிக்குடம் உடைந்ததா என்று விசாரித்தார். பச்சிளங்குழந்தை வார்டுக்குப் போன் போட்டு இடம் இருக்கிறதா என்று கேட்டார். அதற்குப் பிறகுதான் சிஸ்டரைக் கூப்பிட்டு டெக்ஸாமெத்தாசோன் என்ற ஸ்டீராய்டு ஊசி போடச் சொன்னார். 12 மணி நேரத்துக்கு ஒன்றாக நாலு ஊசி. "குழந்தையோட நுரையீரல் பக்குவமாகறதுக்கும்மா" என்றார் சிஸ்டர்.

அந்த மருந்தின் விலை சில ரூபாய்தான். ஆனால் இந்த வகை ஊசி குறைமாதக் குழந்தைகளைக் காப்பாற்றும் என்பதை மருத்துவ உலகம் பரவலாக ஏற்றுக்கொள்ள இருபது வருடத்துக்கு மேல் ஆயிற்று. ஆதாரம் இல்லாததால் அல்ல. ஆதாரம் துண்டு துண்டாக, வெவ்வேறு நாட்டு மருத்துவ இதழ்களில் கிடந்தது. அதை யாரும் ஒன்றுசேர்த்துப் பார்க்கவில்லை. அப்படிச் சிதறிக் கிடப்பதை ஒழுங்காகத் திரட்டி, தரம் பிரித்து, மொத்தமாக என்ன சொல்கிறது என்று பார்க்கும் வேலைக்குப் பெயர்தான் சிஸ்டமேடிக் ரிவியூ. தமிழில் முறைசார் மறுஆய்வு எனலாம். இனிமேல் மறுஆய்வு என்றே எழுதுகிறேன்.

கதை நியூசிலாந்தில், ஆட்டுக்குட்டிகளிடம் தொடங்குகிறது. ஆக்லாந்தில் கிரஹாம் லிகின்ஸ் என்ற மகப்பேறு மருத்துவர், பிரசவ வலியைத் தூண்டுவது எது என்று கண்டுபிடிக்க, சினையாக இருந்த ஆடுகளின் கருவில் ஸ்டீராய்டு செலுத்திப் பார்த்தார். பிழைக்கவே முடியாத அளவுக்கு முன்கூட்டிப் பிறந்த ஒரு குட்டி, மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. அதன் நுரையீரலில் காற்று புகுந்திருந்தது. குறைமாதக் குழந்தைக்குப் பெரிய ஆபத்தே இங்கேதான்: நுரையீரலின் சின்னச் சின்னக் காற்றறைகளின் உட்புறத்தில் சோப்பு நுரை மாதிரி ஒரு பூச்சு வேண்டும். அது இல்லாவிட்டால், ஈரமான பிளாஸ்டிக் பை ஒட்டிக்கொள்வது போல ஒவ்வொரு மூச்சுக்கும் அறைகள் ஒட்டிக்கொள்ளும். அந்தப் பூச்சு உருவாவதை ஸ்டீராய்டு முன்கூட்டியே தூண்டிவிடுகிறது.

லிகின்ஸும் குழந்தை மருத்துவர் ராஸ் ஹோவியும் இதை 282 தாய்மார்களிடம் சோதித்து 1972இல் வெளியிட்டார்கள். யாருக்கு மருந்து, யாருக்கு ஒப்பிடுவதற்கான வேறு ஊசி என்பதைக் குலுக்கல் மாதிரி முறையில் பிரித்தார்கள். மருத்துவர் தனக்குத் தோன்றியபடி ஆளைத் தேர்ந்தெடுத்தால் நல்ல நிலையில் இருப்பவர்கள் எல்லாம் ஒரே பக்கம் சேர்ந்துவிடுவார்கள் என்பதற்காகத்தான் இந்தக் குலுக்கல். எதிர்பாராமல் குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளில், மருந்து பெற்றவர்களிடையே முதல் வாரத்தில் இறந்தவை 3.2 சதவீதம். பெறாதவர்களிடையே 15 சதவீதம்.

இதைப் பார்த்ததும் உலகம் முழுவதும் மறுநாளே ஊசி போட ஆரம்பித்திருக்க வேண்டாமா என்று தோன்றும். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் ஒரே ஓர் ஆய்வை நம்பி மருத்துவத்தை மாற்றுவதும் சரியில்லை. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். ஒரே பானையில், ஒரே நெருப்பில் வெந்த சோற்றுக்கு அது பொருந்தும். ஆய்வுகள் அப்படி வேகுவதில்லை. ஒன்றில் ஆட்கள் குறைவு, ஒன்றில் தாய்மார்களின் நிலை வேறு, ஒன்றில் மருந்தின் அளவு வேறு. இவை எல்லாவற்றுக்கும் மேலாக, தற்செயல் என்று ஒன்று இருக்கிறது.

அந்தத் தற்செயலைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்ப்போம். ஒரு நாணயத்தைப் பத்து முறை சுண்டினால் ஏழு முறை தலை விழுவது சாதாரணம். அதற்காக நாணயத்தில் கோளாறு என்று யாரும் சொல்ல மாட்டோம். ஆயிரம் முறை சுண்டி எழுநூறு தலை விழுந்தால் சந்தேகமே வேண்டாம், நாணயத்தில் ஏதோ இருக்கிறது. இப்போது 60 குழந்தைகளை வைத்து ஓர் ஆய்வு நடப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மருந்து பெற்ற 30 பேரில் மூன்று இறப்பு, பெறாத 30 பேரில் ஐந்து. மருந்து காப்பாற்றியதா, தற்செயலா? சொல்ல முடியாது. நேர்மையான ஆய்வாளர் "குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை" என்று எழுதி முடிப்பார். படிக்கிற மருத்துவர் அதை "மருந்தால் பலன் இல்லை" என்று மனதில் பதித்துக்கொள்வார். பலன் தெரியவில்லை என்பதும் பலன் இல்லை என்பதும் ஒன்றல்ல. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டதால் போன உயிர்கள் கொஞ்சநஞ்சமல்ல.

ஸ்டீராய்டு ஊசிக்கு நடந்ததும் இதுதான். 1972க்குப் பிறகு பல நாடுகளில் ஆய்வுகள் வந்தன. பெரும்பாலானவை சின்னவை. ஒன்று பலன் என்றது, அடுத்தது உறுதியில்லை என்றது. தாய்க்கு நோய்த்தொற்று வருமோ என்ற பயம் வேறு. 1980களின் கடைசியில்தான் பாட்ரிசியா கிரவ்லி, இயன் சால்மர்ஸ், மார்க் கீர்ஸ் ஆகியோர் அத்தனை ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்தார்கள். 1990இல் அவர்களுடைய கட்டுரை 12 ஆய்வுகள், 3,000க்கும் மேற்பட்ட தாய்மார்கள் என்ற கணக்கோடு வெளியானது. தனித்தனியாகப் பார்த்தபோது தடுமாறிய விடை, சேர்த்துப் பார்த்தபோது பளிச்சென்று தெரிந்தது: இந்த ஊசி குழந்தை இறப்பைக் கணிசமாகக் குறைக்கிறது. அப்படியிருந்தும் 1994 வாக்கில் அமெரிக்காவில்கூட, குறைமாதத்தில் பிரசவிக்கப்போகும் தாய்மார்களில் ஐந்தில் ஒருவருக்கும் குறைவானவர்களுக்கே அது கிடைத்துக்கொண்டிருந்தது. அந்த வருடம் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனங்கள் கூட்டிய நிபுணர் குழு வெளிப்படையாகப் பரிந்துரைத்த பிறகுதான் நிலைமை மாறியது. மறுஆய்வு தாமதமானதால் பல்லாயிரம் குறைமாதக் குழந்தைகள் தேவையில்லாமல் துன்பப்பட்டும் இறந்தும் போயிருக்கக்கூடும் என்று, மருத்துவ மறுஆய்வுகளைச் செய்து வெளியிடும் கோக்ரேன் அமைப்பு பின்னால் எழுதியது.

அந்த அமைப்பின் பெயருக்குப் பின்னால் இருப்பவர் ஆர்ச்சி கோக்ரேன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர். ஒவ்வொரு துறையிலும் நடந்த தகுந்த ஆய்வுகளை எல்லாம் திரட்டி, சீர்தூக்கி, அவ்வப்போது புதுப்பித்து வைக்காமல் இருப்பது நம் தொழிலின் பெரிய குறை என்று 1979இல் எழுதியவர். அதைச் செயலாக்கியவர் மேலே சொன்ன இயன் சால்மர்ஸ். அவர் இளம் மருத்துவராகக் காஸா அகதி முகாமில் வேலை பார்த்தபோது, தட்டம்மை கண்ட குழந்தைகளுக்கு ஆன்டிபயாடிக் உடனே கொடுக்கக் கூடாது என்று படித்ததை அப்படியே பின்பற்றினார். வைரஸ் நோய்க்கு ஆன்டிபயாடிக் எதற்கு என்பதுதான் பாடம். சில குழந்தைகள் இறந்தார்கள். முன்கூட்டியே கொடுத்தால் அம்மைக்குப் பின் வரும் பாக்டீரியாத் தொற்றைத் தடுக்கலாம் என்று காட்டிய ஆய்வுகள், அவர் காஸாவுக்குப் போகும் முன்பே வெளியாகியிருந்தன என்பது பல வருடம் கழித்துத்தான் அவருக்குத் தெரியவந்தது. 1992இல் ஆக்ஸ்போர்டில் முதல் கோக்ரேன் மையத்தைத் தொடங்கினார். அடுத்த வருடம் அது பன்னாட்டு அமைப்பாக விரிந்தது.

சரி, நாலு கட்டுரையைப் படித்துத் தொகுத்து எழுதுவது எல்லாக் காலத்திலும் நடந்ததுதானே, இதில் என்ன புதுசு? பழைய பாணித் தொகுப்பு பட்டிமன்றப் பேச்சு மாதிரி. பேசுகிறவர் தன் அணிக்குச் சாதகமான பாட்டை மட்டும் எடுத்து வருவார். எதிரணிக்கு உதவும் பாட்டு அவருக்குத் தெரியாமல் இல்லை, எடுக்க மாட்டார். பெரிய பேராசிரியர் ஒருவர் எழுதும் கட்டுரையும் பெரும்பாலும் அவர் நம்புவதைச் சொல்லும் ஆய்வுகளைச் சுற்றியே அமைந்துவிடும், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும். மறுஆய்வின் விதிகள் எல்லாம் இந்தச் சாய்வைக் கட்டிப்போடுவதற்காகவே வந்தவை.

முதலில் கேள்வியைக் கூராக்க வேண்டும். "ஸ்டீராய்டு நல்லதா?" என்பது கேள்வியே அல்ல. யாருக்கு, எந்தச் சிகிச்சை, எதோடு ஒப்பிட்டு, எதை அளக்கப்போகிறோம் என்ற நாலும் அதில் இருக்க வேண்டும். குறைமாதத்தில் பிரசவிக்கப்போகும் தாய்க்கு, இந்த ஊசி போட்டால், போடாததோடு ஒப்பிடும்போது, குழந்தை இறப்பு குறைகிறதா? இப்போதுதான் தேடவே முடியும். அடுத்தது எனக்கு மிகவும் பிடித்த விதி: எந்த ஆய்வைச் சேர்ப்போம், எதை விடுவோம், எப்படிக் கணக்குப் போடுவோம் என்பதைத் தேடத் தொடங்கும் முன்பே எழுதிப் பொதுவில் பதிந்துவிட வேண்டும். பிரிட்டனின் யார்க் பல்கலைக்கழகம் 2011 முதல் இதற்கென்றே ப்ராஸ்பெரோ என்ற பதிவேட்டை நடத்துகிறது. விடையைப் பார்த்த பிறகு விதியை மாற்றினால் உலகத்துக்கே தெரிந்துவிடும்.

அப்புறம் வருவது முதுகு ஒடியும் வேலை. மெட்லைன், எம்பேஸ் போன்ற தரவுத்தளங்களில் தேடினால் ஆயிரக்கணக்கில் தலைப்புகள் கொட்டும். வேற்று மொழிக் கட்டுரைகள், மாநாட்டுச் சுருக்கங்கள், ஆய்வுப் பதிவேடுகள் எதையும் விடக் கூடாது. இரண்டு பேர், ஒருவர் முடிவை மற்றவர் பார்க்காமல், ஒவ்வொன்றாகச் சலிப்பார்கள். கருத்து வேறுபட்டால் மூன்றாம் ஆள் தீர்ப்புச் சொல்வார். கடைசியில் தேறுவது சில சமயம் இருபது, சில சமயம் நாலு. ஒன்றுமே தேறாமல், "இந்தக் கேள்விக்குத் தகுந்த ஆய்வு இல்லை" என்று முடியும் மறுஆய்வுகளும் உண்டு. அதுவும் தெரிய வேண்டிய செய்திதான், அடுத்து எந்த ஆய்வு நடக்க வேண்டும் என்று அது சொல்லிவிடுகிறது. தேறிய ஆய்வுகளையும் அப்படியே நம்பிவிடுவதில்லை. குலுக்கல் ஒழுங்காக நடந்ததா, எந்தப் பக்கம் மருந்து என்று ஆய்வாளருக்கு முன்பே தெரிந்திருந்ததா, பாதியில் விலகியவர்கள் எத்தனை பேர் என்று ஒவ்வொன்றையும் உரசிப் பார்ப்பார்கள்.

கடைசியில்தான் கணக்கு. பொருந்தக்கூடிய ஆய்வுகளின் எண்களைச் சேர்க்கும் இந்தக் கணக்கை மெட்டா அனாலிசிஸ் என்பார்கள். எல்லா ஆய்வுகளின் ஆட்களையும் ஒரே கூடையில் கொட்டிக் கூட்டுவது அல்ல அது. ஒவ்வோர் ஆய்வுக்குள்ளும் மருந்து பெற்றவர், பெறாதவர் வித்தியாசத்தை முதலில் எடுத்து, பெரிய ஆய்வுக்குக் கூடுதல் எடையும் சிறியதற்குக் குறைந்த எடையும் கொடுத்துச் சராசரி காண்பார்கள். மறுஆய்வு முழு வேலை, மெட்டா அனாலிசிஸ் அதில் ஒரு பகுதி. ஆய்வுகள் ஒன்றுக்கொன்று ஒட்டாமல் இருந்தால் அதைச் செய்யாமல் விடுவதே நேர்மை.

இந்தக் கணக்கைப் படமாகப் பார்க்க, கோக்ரேன் அமைப்பு தொடங்கியபோது வரைந்த சின்னத்தைப் பார்த்தால் போதும். ஒரு வட்டத்துக்குள் மேலிருந்து கீழாக ஒரு கோடு. அதையொட்டி, ஒன்றன் கீழ் ஒன்றாக ஏழு படுக்கைக் கோடுகள். அடியில் ஒரு சின்ன வைர வடிவம். அது வெறும் அலங்காரம் இல்லை. நம் ஸ்டீராய்டு ஊசி பற்றிய ஏழு ஆய்வுகளின் உண்மையான முடிவுகளே அந்தக் கோடுகள். நடுக்கோடு என்றால் "மருந்து போட்டாலும் போடாவிட்டாலும் ஒன்றுதான்". அதற்கு இடப்பக்கம் போனால் மருந்து காப்பாற்றுகிறது, வலப்பக்கம் போனால் கெடுக்கிறது. படுக்கைக் கோட்டின் நீளம் சந்தேகத்தின் அளவு: சின்ன ஆய்வு என்றால் நீளமான கோடு, உண்மை அதற்குள் எங்கேயோ இருக்கிறது என்று பொருள். அந்த ஏழில் பெரும்பாலானவை நடுக்கோட்டைத் தொட்டுக்கொண்டோ தாண்டியோ கிடக்கின்றன, அதாவது தனியாக எதையும் உறுதிசெய்யவில்லை. எல்லாவற்றையும் சேர்த்த விடைதான் அடியில் உள்ள வைரம். அது குறுகலாக, நடுக்கோட்டைத் தொடாமல், இடப்பக்கம் தெளிவாக நிற்கிறது. மெட்டா அனாலிசிஸ் செய்த மறுஆய்வுக் கட்டுரைகளைத் திறந்தால் பெரும்பாலும் இப்படி ஒரு படம் இருக்கும். ஃபாரஸ்ட் பிளாட் என்று பெயர். வைரம் எங்கே நிற்கிறது, கோட்டைத் தொடுகிறதா என்று பார்க்கத் தெரிந்தால் பாதிக் கட்டுரை புரிந்த மாதிரி.

ஆனால் சேர்த்துக் கணக்குப் போட, சேர்ப்பதற்கு எல்லாம் கையில் இருக்க வேண்டும். சாதகமான முடிவு வந்த ஆய்வு சீக்கிரம் அச்சேறும், சாதகமில்லாதது அலமாரியில் தூங்கும். டாமிஃப்ளூ என்ற காய்ச்சல் மாத்திரை விஷயத்தில் இது பெரிதாக வெடித்தது. ஃப்ளூ பரவும் பயத்தில் அரசாங்கங்கள் அதை மலைமலையாக வாங்கிக் குவித்தன. பிரிட்டன் மட்டும் 42.4 கோடி பவுண்டு செலவழித்தது. கோக்ரேன் மறுஆய்வும் முதலில் அந்த மாத்திரைக்குச் சாதகமாகவே இருந்தது. 2009இல் கெய்ஜி ஹயாஷி என்ற ஜப்பானியக் குழந்தை மருத்துவர் ஒரு கேள்வி கேட்டார்: நுரையீரல் பாதிப்பை இது குறைக்கும் என்பதற்கு நீங்கள் நம்பியிருக்கும் கட்டுரை பத்து ஆய்வுகளைத் தொகுத்தது, அதில் இரண்டுதானே முழுமையாக வெளிவந்திருக்கிறது, மற்ற எட்டு எங்கே? நல்ல கேள்வி. மறுஆய்வுக் குழு தயாரிப்பு நிறுவனமான ரோஷிடம் முழு அறிக்கைகளைக் கேட்டது. கிடைக்க நாலு வருடம் பிடித்தது. ஒரு லட்சத்து ஐம்பதாயிரம் பக்கங்களுக்கு மேல் படித்து 2014இல் சொன்ன முடிவு: பெரியவர்களுக்கு ஏழு நாள் இருக்கும் தொந்தரவு 6.3 நாளாகக் குறைகிறது. ஆஸ்பத்திரியில் சேர வேண்டிய நிலையைக் குறைக்கும் என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை. குமட்டலும் வாந்தியும் கூடுகின்றன. ஒரு மருத்துவர் உட்கார்ந்து எட்டு ஆய்வுகளைக் காணோமே என்று எண்ணிப் பார்த்ததில் வெளிவந்தது இத்தனையும்.

இதனால்தான் ஆய்வுகளைத் தொடங்கும் முன்பே பதிவுசெய்யும் வழக்கம் வந்தது. இந்தியாவிலும் இதற்கான பதிவேடு 2007இல் தொடங்கி, 2009 ஜூனில் மருந்துச் சோதனைகளுக்குக் கட்டாயமானது. இருக்கிற ஆய்வே பொய்யாக இருந்தால் என்ன ஆகும் என்பதையும் கொரோனா காலத்தில் பார்த்தோம். ஐவர்மெக்டின் உயிர் காக்கும் என்று சொன்ன தொகுப்புகள் பெரிதும் நம்பியிருந்த எகிப்து ஆய்வு ஒன்று, தரவுகள் மீது எழுந்த கடும் சந்தேகத்தால் 2021 ஜூலையில் விலக்கப்பட்டது. அதைக் கழித்துவிட்டுப் போட்ட கணக்கில் அந்தப் பலன் கரைந்துபோனது. அதனால் மெட்டா அனாலிசிஸ் என்று தலைப்பில் இருந்தாலே நம்பிவிட வேண்டாம். உள்ளே போன ஆய்வுகளை உரசிப் பார்த்தார்களா என்பதைத் தேடுங்கள். கோக்ரேன் மறுஆய்வுகளுக்கு எளிய நடையில் சுருக்கம் உண்டு, பலவற்றுக்குத் தமிழிலும் இருக்கிறது. வேலூர் சிஎம்சியில் தெற்காசியாவுக்கான கோக்ரேன் மையம் இயங்கியதும் நமக்குக் கிடைத்த நன்மை.

மறுபடி நம் ஊசிக்கு வருகிறேன். 1990இல் விடை கிடைத்துவிட்டதே, அத்தோடு முடிந்ததா என்றால் இல்லை. அந்த மறுஆய்வில் இருந்த ஆய்வுகள் பெரும்பாலும் வசதியான நாடுகளின் பெரிய ஆஸ்பத்திரிகளில் நடந்தவை. ஏழை நாடுகளின் கிராமங்களில் என்ன ஆகும்? இந்தியா, பாகிஸ்தான், கென்யா, ஜாம்பியா, அர்ஜென்டினா, குவாதமாலா என்ற ஆறு நாடுகளில், சுமார் ஒரு லட்சம் பிரசவங்களைப் பின்தொடர்ந்த பெரிய ஆய்வு ஒன்று 2015இல் வெளிவந்தது. ஊசியை எல்லா மட்டத்திலும் பரவலாக்கிய பகுதிகளில் எடை மிகக் குறைந்த குழந்தைகளின் இறப்பு குறையவில்லை. மொத்தக் குழந்தைகளைப் பார்த்தால் ஆயிரத்துக்கு 3.5 இறப்பு கூடியிருந்தது. தாய்மார்களுக்கு நோய்த்தொற்றும் அதிகம் காணப்பட்டது. உயிர்காக்கும் என்று இருபது வருடத்துக்கு மேல் நம்பிய மருந்து! அந்த ஊர்களில் ஸ்கேன் வசதி குறைவு. வாரக் கணக்குத் தெரியாமல் போட்டதில், ஊசி பெற்ற பல பெண்களுக்கு நிறைமாதத்தில்தான் குழந்தை பிறந்தது.

உடனே உலக சுகாதார நிறுவனம் அடுத்த ஆய்வில் இறங்கியது. இந்தியா, வங்கதேசம், பாகிஸ்தான், கென்யா, நைஜீரியா நாடுகளில் 29 ஆஸ்பத்திரிகள், 2,852 தாய்மார்கள். இந்த முறை வாரக் கணக்கை ஸ்கேனில் உறுதிசெய்து, 26 முதல் 33 வாரம் வரை உள்ளவர்களுக்கு மட்டும், பச்சிளங்குழந்தையைக் கவனிக்க வசதி உள்ள இடத்தில் மட்டும் போட்டார்கள். 2020இல் வந்த முடிவு: ஊசி பெற்ற தாய்மார்களின் குழந்தைகளில் 19.6 சதவீதமும் பெறாதவர்களின் குழந்தைகளில் 23.5 சதவீதமும் இறந்திருந்தன. பலன் தெளிவாகிவிட்டதால் ஆய்வை முன்கூட்டியே நிறுத்தினார்கள். இதையும் சேர்த்துக்கொண்டு கோக்ரேன் மறுஆய்வு அதே வருடம் புதுப்பிக்கப்பட்டது. இப்போது அதில் 27 ஆய்வுகள், 11,272 தாய்மார்கள்.

ஊசி போடுவதற்கு முன் என்னென்ன உறுதியாக வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை இன்று ஒரு பட்டியல் தருகிறது. கர்ப்பத்தின் வாரக் கணக்கு துல்லியமாகத் தெரிந்திருக்க வேண்டும். தாய்க்கு நோய்த்தொற்றுக்கான அறிகுறி இருக்கக் கூடாது. பிறக்கும் குறைமாதக் குழந்தையைப் பார்த்துக்கொள்ள வசதி இருக்க வேண்டும். டாக்டரம்மா அன்று ராத்திரி ஸ்கேன் ரிப்போர்ட் கேட்டது, காய்ச்சல் பற்றி விசாரித்தது, குழந்தை வார்டுக்குப் போன் போட்டது எல்லாம் இதற்காகத்தான். அக்காவிடம் இதைப் பிறகு சொன்னபோது, "அப்பவே சொல்லியிருந்தா நான் கோபப்பட்டிருக்க மாட்டேனே" என்றாள். ஃபைலில் ரிப்போர்ட் கிடைத்து, கேஸ் ஷீட்டில் "31 வாரம் 2 நாள்" என்று எழுதிக்கொண்ட பிறகே முதல் ஊசி வந்தது. நாலாவது ஊசி போட்ட மறுநாள் விடியற்காலை பையன் பிறந்தான். ஒன்றரைக் கிலோ. பிறந்ததும் அழுதான், வார்டு வாசல் வரை கேட்டது.